வாயுவே சுவிட்சு ஆனால்...

பழைய ட்யூப் லைட் பொருத்திய வீடுகளில் அதன் பட்டையில் கட்டைவிரல் பருமனில் ஒரு சிறு டப்பா இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை ‘ஸ்டார்ட்டர்’ என்கிறோம். பயனற்றுப்போன ஒரு ஸ்டார்ட்டரின் உறையைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறிய கண்ணாடிக் குமிழ் தெரியும். அக்குமிழில் நியான் அல்லது ஆர்கான் போன்றதொரு வாயுவும் இரண்டு மின்வாய்களும் உள்ளன. மின்வாய்களில் ஒன்று, சூடேறினால் வளையும் ஈருலோகத் தகடு. விளக்கின் சுவிட்சைப் போட்டதும் இரு மின்வாய்களுக்கும் இடையே உள்ள வாயு மங்கலாக ஒளிர்கிறது. அந்தச் சூட்டில் தகடு வளைந்து எதிரிலுள்ள மின்வாயைத் தொடுகிறது. தொட்டவுடன் ஒளிர்வு அணைகிறது. தகடு ஆறி விலகுகிறது. அது விலகும் கணத்தில் சோக்கில் எழும் உயர்ந்த மின்னழுத்தம் நீண்ட குழாயை எரியச் செய்கிறது.

வாயுக்கள் மின்சாரத்தைக் கடத்தா என்று கீழ்வகுப்புகளில் படித்தோம். ஆயினும் அச்சிறு குமிழில் உள்ள வாயு, சற்று நேரம் மின்சாரத்தைக் கடத்தியதால்தான் ஒளிர்ந்தது. கடத்தாத பொருள் ஒன்று நாம் வேண்டும்போது கடத்தியாக மாறுமானால், அதையே ஒரு சுவிட்சாகப் பயன்படுத்தலாம் அல்லவா? அப்படிப்பட்ட சுவிட்சுகள் உண்டு. ஸ்டார்ட்டரில் ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். அப்பெரிய சுவிட்சுகளிலோ ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாய்கிறது. அவற்றினுள் எலெக்ட்ரான்கள் எவ்வாறு நடந்துகொள்கின்றன, அதை விஞ்ஞானிகள் எவ்வாறு கணக்கிடுகிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இந்தூரில் ஒரு பந்தயம்

சுவரில் உள்ள சாதாரணச் சுவிட்சில் ஓர் உலோகத் துண்டு நகர்ந்து மற்றொன்றைத் தொடுகிறது. இதற்கு ஆயிரத்தில் சில பங்கு வினாடி ஆகும். நமக்கு அது ஒரு நேரமே அன்று. ஆனால் மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் நகரிலுள்ள ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்திற்கு அது மிக நீண்ட காலம்!

அங்கே இண்டஸ்-1, இண்டஸ்-2 என்னும் இரு எலெக்ட்ரான் வளையங்கள் உள்ளன. முன்னது 1999-ஆம் ஆண்டிலும் பின்னது 2005-ஆம் ஆண்டிலும் இயங்கத் தொடங்கின. இவ்விரண்டுக்கும் எலெக்ட்ரான்களை ஊட்டுவது சுமார் 28 மீட்டர் சுற்றளவுள்ள மற்றொரு வளையம். அதில் எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் ஓடுகின்றன. ஒளி வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் என்பது உங்களுக்குத் தெரியும். வகுத்துப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் ஒரு கோடியில் ஒரு பங்கு வினாடிக்கும் சற்றுக் குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் எலெக்ட்ரான்களை அடுத்த வளையத்திற்குத் திருப்ப வேண்டுமானால், ஒரு காந்தத்தின் சுருளில் அந்த ஒரு சுற்றுக்குள்ளாகவே பெரும் மின்னோட்டத்தைப் பாய்ச்சிவிட வேண்டும். தாமதமானால் எலெக்ட்ரான்கள் வழிதவறிக் குழாயின் சுவரில் மோதி வீணாகும். உலோகச் சுவிட்சு மூடும் ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிக்குள் அவை பத்தாயிரம் சுற்றுகளுக்கு மேல் ஓடி முடித்திருக்கும்.

இத்தகைய காந்தங்களை இயக்க ‘தைராட்ரான்’ என்னும் வாயு சுவிட்சு பயன்பட்டு வந்திருக்கிறது. ‘தைரா’ என்றால் கிரேக்க மொழியில் கதவு என்று பொருள். பல ஆயிரம் வோல்ட்டைத் தாங்கி மூடிய கதவாக நிற்கும் இக்குழாய், உத்தரவு வந்ததும் நூறு கோடியில் சில பத்துப் பங்கு வினாடியில் திறந்துவிடுகிறது. இன்று குறைகடத்திச் சுவிட்சுகள் பல இடங்களில் இதன் வேலையை எடுத்துக்கொண்டுள்ளன. ‘தைரிஸ்டர்’ என்னும் குறைகடத்திக் கருவியின் பெயரே தைராட்ரானின் பெயரிலிருந்து வந்ததுதான். எனினும் குறைகடத்திகள் பலவற்றை வரிசையாக அடுக்கித் தாங்க வேண்டிய மின்னழுத்தத்தை ஒரே வாயுக் குழாய் தாங்கிவிடும்.

ஒன்று இரண்டாகி...

வாயு மூலக்கூறு ஒன்றின் மீது வேகமுள்ள எலெக்ட்ரான் ஒன்று மோதுகிறது என்று கொள்வோம். போதிய ஆற்றல் இருந்தால், அது மூலக்கூறிலிருந்து மற்றோர் எலெக்ட்ரானைப் பெயர்த்தெடுத்துவிடும். இதுவே அயனியாக்கம். இப்போது எலெக்ட்ரான்கள் இரண்டு. மின்புலம் இரண்டையும் இழுத்து வேகமூட்டுகிறது. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இவ்வாறு முப்பது முறை இரட்டித்தால் ஒன்று நூற்றேழு கோடிக்கு மேல் ஆகிவிடும்! மலைச்சரிவில் உருளும் பாறை மேலும் பல பாறைகளைப் பெயர்ப்பது போன்ற இப்பெருக்கத்தை, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து விளக்கியவர் டவுன்செண்ட் என்னும் இயற்பியலறிஞர்.

அப்படியானால், உத்தரவு வரும் வரை இந்தப் பெருக்கம் ஏன் நடப்பதில்லை? இதற்கு விடை 1889-இல் ஜெர்மானியரான பாஷன் கண்ட விதியில் உள்ளது. வாயுவை மின்சாரம் ஊடுருவுவதற்கு வேண்டிய மின்னழுத்தம், வாயு அழுத்தத்தையும் மின்வாய்களின் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது என்றார் அவர். சாதாரணக் காற்றில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்குச் சுமார் 30,000 வோல்ட் வேண்டும். அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே போனால் இந்த அளவும் குறைந்து, ஒரு கட்டத்தில் 330 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடுகிறது. அதற்கும் கீழே அழுத்தத்தைக் குறைத்தால் நிலைமை தலைகீழாகிறது. வேண்டிய மின்னழுத்தம் விறுவிறுவென்று ஏறுகிறது.

காரணம் எளிது. வாயு மிகவும் குறைந்துவிட்டால் எலெக்ட்ரான் எதன் மீதும் மோதாமலே மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிடும். மோதல் இல்லையேல் பெருக்கமும் இல்லை. தைராட்ரான் இந்த நிலையில்தான் வேலை செய்கிறது. அதனுள் இருப்பது ஹைட்ரஜன் வாயு. அதன் அழுத்தம் 50 பாஸ்கல், அதாவது காற்றழுத்தத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்று கொள்வோம். அங்கே ஓர் எலெக்ட்ரான் மிகவும் ஏற்ற வேகத்தில் சென்றால்கூட, ஒரு மூலக்கூறை அயனியாக்க அது சராசரியாக 8 மில்லிமீட்டர் போக வேண்டும். மின்வாய் இடைவெளியோ சில மில்லிமீட்டர்தான். ஆகவே கதவு மூடியே இருக்கிறது. நடுவிலுள்ள ‘கிரிட்’ என்னும் துளைத்தட்டுக்கு நேர் மின்துடிப்பு ஒன்றைக் கொடுத்ததும், சூடான எதிர்மின்வாயிலிருந்து எலெக்ட்ரான்கள் கூட்டமாகப் புறப்பட்டு வாயுவை அயனியாக்குகின்றன. கதவு திறந்துவிடுகிறது. எலெக்ட்ரான்களும் அயனிகளும் நிறைந்த இந்நிலையே பிளாஸ்மா.

சராசரி சொல்லாத செய்தி

இனி ஒரு புதிருக்கு வருவோம். ஓர் எலெக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலை ஓர் எலெக்ட்ரான் வோல்ட் என்கிறோம். ஹைட்ரஜன் மூலக்கூறை அயனியாக்க 15.4 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆனால் இத்தகைய பிளாஸ்மாவில் எலெக்ட்ரான்களின் சராசரி ஆற்றல் சில எலெக்ட்ரான் வோல்ட்டே. அதை 3 என்று வைத்துக்கொள்வோம். 3 இருப்பவன் 15 ரூபாய்ப் பொருளை வாங்க முடியுமா? சராசரியை மட்டும் பார்த்தால் அயனியாக்கமே நடக்கக் கூடாது. சுவிட்சும் திறக்கக் கூடாது. ஆனால் திறக்கிறதே!

எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் பாதையில் கிரிவலம் வருகிறார்கள். பெரும்பாலோர் நான்கைந்து மணி நேரத்தில் சுற்றி வருவார்கள். இந்தச் சராசரியைக் கொண்டு, இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிடுபவர் ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? கூட்டத்தின் இடுக்கில் புகுந்து விரைந்து நடக்கும் சிலர் எப்போதும் உண்டு. எலெக்ட்ரான் கூட்டமும் இப்படித்தான். சராசரி 3 எலெக்ட்ரான் வோல்ட் உள்ள கூட்டத்தில், வெப்பச் சமநிலைக்குரிய பங்கீடு நிலவினால், ஆயிரத்தில் ஒன்றிரண்டு எலெக்ட்ரான்களுக்கு 15.4-க்கு மேல் ஆற்றல் இருக்கும். வாயுவைப் பிளாஸ்மாவாக்கும் வேலையில் பெரும்பங்கைச் செய்வது அந்த ஒன்றிரண்டே. ஆகவே சுவிட்சைப் பற்றிய கணக்கில் சராசரி எலெக்ட்ரானைக் காட்டிலும் வேக எலெக்ட்ரானே முக்கியம்.

நாணயத்தால் ஒரு சோதனை

இதை நீங்களே வகுப்பில் செய்து பார்க்கலாம். ஒவ்வொருவரும் ஒரு நாணயத்தைச் சுண்டுங்கள். ஒரு சுண்டல் என்பது எலெக்ட்ரான் சிறிது தூரம் செல்வதைக் குறிக்கும். பூ விழுந்தால் மோதல் இல்லை. 3 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் சேரும். தலை விழுந்தால் மோதல், ஆட்டம் முடிந்தது. தலை விழுமுன் எத்தனை பூ வந்தது என்று எண்ணி மூன்றால் பெருக்குங்கள். அதுவே உங்கள் எலெக்ட்ரானின் ஆற்றல்.

நாற்பது பேர் ஆளுக்குப் பத்து முறை ஆடினால் நானூறு எலெக்ட்ரான்கள் கிடைக்கும். அவற்றின் சராசரி 3-க்கு அருகில் இருக்கும். ஆனால் ஐந்தோ அதற்கு மேலோ பூக்கள் தொடர்ந்து விழுந்து 15-ஐ எட்டியவை பன்னிரண்டு, பதின்மூன்று தேறும்; 32-க்கு ஒன்று என்பது கணக்கு.

இப்போது வாயுவின் அழுத்தத்தைக் கூட்டுவோம். நாணயத்திற்குப் பதில் பகடையை உருட்டுங்கள். ஒன்று, இரண்டு விழுந்தால் மட்டும் மோதல் இல்லை. மற்றவை எல்லாம் மோதல். சராசரி 1.5-ஆக இறங்கும். 15-ஐ எட்டுவது 243-இல் ஒன்றுதான். நானூற்றில் ஒன்றோ இரண்டோ. பார்த்தீர்களா? சராசரி பாதியானது, வேக எலெக்ட்ரான்களோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிட்டன!

நம் ஆட்டம் மிக எளிமையானது. உண்மையில் எல்லா மோதலும் ஆற்றலை முழுதும் பறிப்பதில்லை. கோபுரச் சுவரில் எறிந்த பந்து அதே வேகத்தில் திரும்புவது போல, கனமான மூலக்கூறில் மோதித் திரும்பும் எலெக்ட்ரான் சராசரியாகத் தன் ஆற்றலில் ஏறத்தாழ 1,800-இல் ஒரு பங்கையே இழக்கிறது. மூலக்கூறைக் கிளர்வுறச் செய்யும் மோதலில்தான் அதிகம் இழக்கிறது. ஒவ்வொரு வகை மோதலுக்கும் உள்ள வாய்ப்பை ஆய்வகத்தில் அளந்து அட்டவணையாக வைத்திருக்கிறார்கள். கணிப்பொறி அந்த அட்டவணையைப் பார்த்துக்கொண்டு நம்மைப் போலவே நாணயம் சுண்டுகிறது. சூதாட்டத்திற்குப் பேர்போன ஊரின் பெயரால் இதை ‘மான்டி கார்லோ’ முறை என்கிறார்கள்.

கணிப்பொறியின் கிரிவலம்

கிரிவலக் கூட்டத்தைக் கணக்கிட இரண்டு வழிகள் உண்டு. கூட்டத்தை ஓர் ஆறாகக் கருதி, ஓரிடத்தை மணிக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள், நெருக்கம் எவ்வளவு என்று பார்ப்பது ஒரு வழி. இதைப் பாய்ம மாதிரி எனலாம். கணக்கு விரைவில் முடியும். ஆனால் விரைந்து நடப்பவர்கள் இதில் தனியாகத் தெரிய மாட்டார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே பின்தொடர்வது மற்றொரு வழி. இதைத் துகள் மாதிரி எனலாம்.

துகள் மாதிரியில் உள்ள சங்கடம் எண்ணிக்கைதான். பிளாஸ்மாவின் ஒரு கன சென்டிமீட்டரில் 100 லட்சம் கோடி எலெக்ட்ரான்கள் இருக்கக்கூடும். அத்தனையையும் எந்தக் கணிப்பொறியாலும் தொடர முடியாது. ஆகவே ஒரு தந்திரம் செய்கிறார்கள். 10 கோடி எலெக்ட்ரான்களுக்குப் பிரதிநிதியாக ஒரு துகள் என்று வைத்து, 10 லட்சம் துகள்களை மட்டும் தொடர்கிறார்கள். ஒரு வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்திற்கு ஒரு முறை, ஒவ்வொரு துகளும் எங்கே உள்ளது, அங்கே மின்புலம் எவ்வளவு, மோதல் உண்டா இல்லையா என்று பார்க்க வேண்டும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு வினாடி நீடிக்கும் மின்துடிப்பு ஒன்றுக்கே லட்சம் கோடிக் கணக்குகள் ஆகின்றன. அதனால் பொதுவான எலெக்ட்ரான்களுக்குப் பாய்ம மாதிரியையும் வேக எலெக்ட்ரான்களுக்குத் துகள் மாதிரியையும் சேர்த்துப் பயன்படுத்துவதும் உண்டு.

மின்னோட்டம் பெருகும்போது

ஸ்டார்ட்டரைப் போன்ற சிறு மின்னோட்டத்தில் எலெக்ட்ரான்கள் அரிதாகவே உள்ளன. அவை வாயு மூலக்கூறுகளோடுதான் மோதுகின்றன. வேகமடைந்த எலெக்ட்ரான் அயனியாக்கியோ கிளர்வுறச் செய்தோ ஆற்றலை இழந்துவிடுவதால், வேக எலெக்ட்ரான்கள் சமநிலைக் கணக்கு சொல்வதைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும்போது நிலைமை வேறு. 5,000 ஆம்பியர் என்றால் வினாடிக்கு 3-ஐ அடுத்து 22 சுழிகள் இட்டால் வரும் எண்ணிக்கையுள்ள எலெக்ட்ரான்கள் கடக்கின்றன! இவ்வளவு நெருக்கத்தில் எலெக்ட்ரான்கள் தங்களுக்குள்ளேயே ஒன்றையொன்று தள்ளுகின்றன. கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். காய் பலகையின் விளிம்பில் பட்டால் ஏறத்தாழ அதே வேகத்தில் திரும்பும். சம எடையுள்ள மற்றொரு காயில் நேராகப் பட்டால் தன் வேகத்தையெல்லாம் அதற்குக் கொடுத்துவிடும். அதுபோல எலெக்ட்ரான்கள் தங்களுக்குள் ஆற்றலை எளிதில் பரிமாறிக்கொள்கின்றன. அயனியாக்கத்தில் ஆற்றலை இழந்த வேக எலெக்ட்ரான்களின் இடத்தைப் புதிய வேக எலெக்ட்ரான்கள் உடனுக்குடன் நிரப்புகின்றன. மேலும், முன்பே கிளர்வுற்ற அணுவை மற்றோர் எலெக்ட்ரான் குறைந்த ஆற்றலிலேயே அயனியாக்கிவிடும். இரண்டு படிகளில் ஏறுவது போல. எனவே சிறு மின்னோட்டத்திற்குச் சரியாக இருந்த கணக்கு பெரு மின்னோட்டத்திற்குப் பிழையாகிவிடும். எலெக்ட்ரான்களிடையே நிகழும் மோதலையும் சேர்த்தாக வேண்டும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அயனியாக்கத்தின் அளவைக் கணக்கிட 1920-இல் நம் நாட்டு அறிஞர் மேகநாத் சாகா ஒரு சமன்பாட்டைத் தந்தாரே, அதைப் பயன்படுத்தினால் என்ன? விண்மீன்களின் நிறமாலையை விளங்கவைத்த அந்தச் சமன்பாடு, எலெக்ட்ரானும் அயனியும் அணுவும் ஒரே வெப்பநிலையில் சமநிலை அடைந்த வாயுவுக்கு உரியது. நம் சுவிட்சில் அந்தச் சமநிலை இல்லை. 3 எலெக்ட்ரான் வோல்ட் சராசரி ஆற்றல் என்பது சுமார் 23,000 கெல்வின் வெப்பநிலைக்குச் சமம். சூரியனின் மேற்பரப்பைப் போல நான்கு மடங்கு! வாயு மூலக்கூறுகளோ அதைவிட மிகக் குளிர்ந்திருக்கின்றன. மூலக்கூறோடு மோதும்போது எலெக்ட்ரான் சொற்பமாகவே ஆற்றலைக் கொடுக்கிறது என்று கண்டோமே, காரணம் அதுதான். ஆகவே இங்கே எலெக்ட்ரான்களின் கணக்கைத் தனியாகவே போட வேண்டியிருக்கிறது.

திறந்த கதவை மூடுவது

இவ்வளவு சிரமப்பட்டுக் கணக்கிடுவது எதற்கு? தைராட்ரானில் மின்னோட்டம் தொடங்கிவிட்டால் கிரிட்டுக்கு அதன் மீது அதிகாரம் இல்லை. எதிர் மின்னழுத்தம் கொடுத்தாலும் நேர் அயனிகள் கிரிட்டைப் போர்வை போல மூடி, அதன் விளைவை மறைத்துவிடும். மின்துடிப்பு ஓய்ந்த பிறகு எலெக்ட்ரான்களும் அயனிகளும் சுவருக்கும் மின்வாய்களுக்கும் பரவிச் சென்று மறைய வேண்டும். அதற்குள் மறுபடி மின்னழுத்தம் ஏறினால் கதவு தானாகவே திறந்துகொள்ளும். மிக இலேசான ஹைட்ரஜனின் அயனிகள் விரைவில் விலகிவிடும் என்பதால்தான் தைராட்ரானில் அவ்வாயுவைத் தேர்ந்தார்கள். எவ்வளவு நேரம் பொறுக்க வேண்டும், எதிர்மின்வாய் எத்தனை துடிப்புகளுக்குத் தாங்கும் என்பவற்றை, ஒவ்வொரு முறையும் ஒரு குழாயைச் செய்து உடைத்துப் பார்க்காமல், முன்கூட்டியே சொல்வதற்குத்தான் இந்தக் கணக்கு.

1979-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன்சன், ஷுல்தைஸ் என்ற இருவர் ‘சூடோஸ்பார்க்’ என்னும் மற்றொரு வகை மின்னிறக்கத்தைக் கண்டறிந்தார்கள். இதன் எதிர்மின்வாய் நடுவில் துளையுள்ள வெற்றறை. அறைக்குள் எலெக்ட்ரான்கள் சுவருக்குச் சுவர் ஊசலாடி, ஒரே ஓட்டத்தில் கிடைக்காத மோதல்களைப் பல ஓட்டங்களில் பெறுகின்றன. எதிர்மின்வாயைத் தனியாகச் சூடேற்ற வேண்டிய தேவையும் இல்லை. ராஜஸ்தானில் பிலானியிலுள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் 1953-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தைராட்ரான், சூடோஸ்பார்க் ஆகிய இரு வகைச் சுவிட்சுகளையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். உலகில் மிகச் சில நிறுவனங்களே செய்யும் இக்குழாய்களை நாமே செய்துகொண்டால்தான் நம் முடுக்கிகள் பிறர் தயவை எதிர்பார்க்காமல் ஓடும். துளையின் அளவு, இடைவெளி, அழுத்தம் ஆகியவற்றைத் தீர்மானிக்கக் கணிப்பொறி மாதிரி உதவுகிறது. ஆனால் இறுதித் தீர்ப்பு மாதிரியினுடையதன்று. குழாயில் மின்னோட்டத்தைப் பாய்ச்சி அளந்த அளவோடு கணக்கு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் எந்த மோதலைக் கணக்கில் விட்டுவிட்டோம் என்று தேட வேண்டும். அப்படித் தேடும்போது முதலில் ஆராய வேண்டியது, சராசரியில் தென்படாத அந்த ஒன்றிரண்டு எலெக்ட்ரான்களைத்தான்.